நமது சங்கக் கணக்குகளும் புதிய கணினியும்

(செஞ்சியில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நிதியைப் பெருக்கும் வழிகளைப் பற்றிப் பேச வல்லார் இச்சபையில் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட விஷயம் அதனினும் சிறியது. அந்நிதியின் கணக்கு எதில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே அது.

நன்கொடையாளர் ஜாபிதா, உபகாரச் சம்பளம் பெறும் மாணவர் விவரம், அங்கத்தினர் குடும்பப் பதிவு ஆகிய யாவும் பேரேடுகளை விட்டு எக்செல் என்னும் விரிதாள்களில் ஏறி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றைத் தாங்கியிருந்த கணினி தளர்ந்துபோகவே, புதியதொன்று வாங்கப்பட்டது. கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிப் புதியதில் இறக்கியாயிற்று, யாவும் திறக்கின்றன, ஆதலின் பழையதைப் பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்று இன்றைய நிகழ்ச்சிநிரலில் ஒரு தீர்மானம் காணப்படுகிறது. வாக்கெடுக்குமுன் என் விண்ணப்பத்தைச் செவிமடுக்க வேண்டுகிறேன். கோப்புத் திறக்கிறது என்பது வேறு. கணக்கு வந்து சேர்ந்தது என்பது வேறு.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கருங்கற்றூண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை நம் செஞ்சியினின்று பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. தூண்கள் முழுமையாகவே போய்ச் சேர்ந்தன. ஆயினும் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்தத் தூண் நின்றது, அவை எந்தக் கூரையைத் தாங்கின என்பவற்றை அங்கே நின்று பார்ப்பவன் அறிய முடியுமோ? விரிதாளிலும் கட்டங்களில் உள்ள எழுத்தும் எண்ணும் தூண்களே. அவற்றை இணைக்கும் முறை வழியில் அறுந்துபோகக்கூடும்.

முதலாவதாகத் தமிழெழுத்தின் சங்கடம். இதுவே நமக்கு எல்லாவற்றினும் பெரிது. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழை உள்ளிட்ட பெரும்பாலோர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்களையே பயன்படுத்தினர். பாமினி என்னும் எழுத்துருவை உதாரணமாகக் கொள்க. அதில் ‘தமிழ்’ என்று எழுதினால், கணினி தன்னுள் எழுதிக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழாகத் தோன்றும். இல்லாததில் பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். இத்தகைய முறைகள் ஒன்றல்ல, பல. 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு இக்குழப்பத்தைக் குறைக்க டாம், டாப் என்னும் இரு தரங்களை வகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்பதையும் தரமாக ஏற்றது. ஆனால் அரசாணை பிறந்ததனால் அதற்கு முன் எழுதிய கோப்பு தானே மாறிவிடாது.

நம் நன்கொடையாளர் ஜாபிதாவுக்கு நேர்ந்திருப்பது இதுவே. தொகைகள் தமிழ் உருவில் அமையாத வெறும் எண்களாதலின் ஒழுங்காய்த் தெரிகின்றன. கொடுத்தவர் பெயர்கள் தெரியவில்லை. காது வளையத்தை விற்று ஐந்நூறு ரூபாய் கொடுத்த விதவைத் தாயும் ஐம்பதாயிரம் கொடுத்த வர்த்தகரும் இப்போது ஒரே மாதிரியான கிறுக்கலாக நிற்கின்றனர்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கோப்பினுள் எழுத்துரு இராவிடினும், ஒவ்வொரு கட்டத்திலும் அதன் பெயர் பதிவாகியிருக்கும். அப்பெயரைக் குறித்துக்கொண்டு, அதே எழுத்துருவைப் பழைய கணினியினின்று எடுத்துப் புதியதில் நிறுவினால் பெயர்கள் மீளத் தோன்றும். பின்னர் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றதொரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறியாக்கலாம். ஆனால் கிறுக்கலைக் கண்டு பதைத்த ஒருவர், தாள் முழுவதையும் தெரிவு செய்து வேறோர் எழுத்துருவைச் சூட்டிச் சேமித்துவிட்டால் அந்தக் குறிப்பும் அழிந்துபோகும். மாற்றியையும் தமிழ்ப் பத்திக்கு மாத்திரமே ஏவ வேண்டும். தாள் முழுதுக்கும் ஏவினால் வங்கிக் கிளையின் ஆங்கிலக் குறியீடுகூடத் தமிழ் உளறலாகிவிடும்.

இனி எண்கள். கோப்பைக் காற்புள்ளியிட்ட வெற்றுக் கோப்பாக்கிக் கொண்டுபோவது எளிது என்று சிலர் சொல்வர். அவ்வாறு செய்து எக்செலில் நேரே திறந்தால் 0047 என்னும் அங்கத்தினர் எண் 47 ஆகும். அந்நிரல் எண்ணில் பதினைந்து இலக்கங்களையே நம்பகமாகக் காக்குமாதலால், பதினாறு இலக்க வங்கிக் கணக்கெண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். மாணவனுக்குரிய பணம் போய்ச் சேராமைக்கு அவ்வொரு பூஜ்யமே போதும். தேதியில் ஆண்டை 28 என்று மாத்திரம் எழுதியிருந்தால் அதனை 2028 என்றே கொள்ளும்; 1928இல் ஏற்பட்ட ஒரு கட்டளையின் மூலதனம் இன்னும் பிறவாததாகிவிடும். புதிய கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தாலோ ஏப்ரல் 5 மே 4 ஆகும். 12க்கு மேற்பட்ட நாட்கள் தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாய்க் கிடக்கும்.

இவை நம்மைப் போன்ற சிறு சங்கங்களுக்கே நேர்வன என்று எண்ணற்க. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா நோயாளர் விவரங்களைப் பழைய எக்செல் வடிவக் கோப்புகளில் ஏற்றிற்று. அவ்வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகளே இடங்கொள்ளும். 2007இல் வந்த புதிய வடிவத்திலோ 10,48,576 வரிகள். எல்லை கடந்தவை சத்தமின்றி விடுபட்டன. 15,841 நோயாளர் உரிய காலத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியோருக்கு எச்சரிக்கையும் தாமதித்தது. கோப்புகள் திறக்கத்தான் செய்தன.

இன்னும் ஒன்று. நம் ஆண்டு வரவு செலவுத் தாளின் மொத்தங்கள் வேறு கோப்புகளினின்று சூத்திரத்தால் இழுக்கப்படுபவை. கோப்புகள் இருந்த இடம் மாறவே அவ்விணைப்பு அறுந்திருக்கிறது. ஆயினும் கட்டத்தில் கடைசியாகக் கண்ட தொகை நிற்கிறது. பார்ப்பவர் அதனை இன்றைய தொகையென்றே கொள்வார்.

ஆகவே யான் வேண்டுவது இது. பழைய கணினியை விற்கும் தீர்மானத்தை ஆறு மாதத்துக்கு ஒத்திவைக்க வேண்டும். அதற்குள் எழுத்துருக்கள் யாவற்றையும் அதனினின்று எடுத்து, மூலக் கோப்புகளை மாற்றாமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் காத்து, மாற்றிய பிரதியை அச்சிட்ட தணிக்கை அறிக்கைகளோடு வரவு, செலவு, பெயர்த் தொகை ஆகிய மூன்றிலும் ஒப்பிட வேண்டும். பெயர்களைப் படித்துப் பார்க்கப் பேரேடு எழுதிய பெரியவர்களும், இயந்திரத்தை இயக்கக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்தல் நலம்; ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தெரியாது. கிளைச் சங்கத்தாரும் தங்கள் பேரேடு ஏதேனும் எஞ்சியிருப்பின் கொண்டுவர வேண்டுகிறேன். கரையான் தின்ற ஏடாயினும் பாதகமில்லை. இத்திருத்தத்தைச் சபையின் முன் பிரேரேபிக்கிறேன். ஆமோதிப்பார் எவரேனும் எழுந்தருள்க.