சாரதிக்கும் ஒரு பேர் போடுங்கள்

(ஹட்டனில் லொறிச் சாரதிகளும் தோட்டக் குடும்பங்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது சிலர் கேட்டார்கள்: "லொறி வைத்திருக்கிறவன் முதலாளி. அவனுக்கு எதற்குத் தொழிற்சங்கம்?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த முதலாளி எங்கே தூங்குகிறார்? நம் லயத்தில். அவருடைய அம்மா இன்றும் கொழுந்து எடுக்கிறார். லொறிக்கு முற்பணம் கட்ட அடகுக்குப் போனது அக்காவின் தோடு. லீசிங்குக்குப் பிணை நின்றது மாமா. தவணை தவறினால் கடிதம் வருவது இரண்டு வீட்டுக்கு.

தோட்டத்தில் வேலைக்குப் போனால் பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். அந்த ஒரு பேருக்கு 1,000 ரூபா வேண்டும் என்று எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம்! 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அப்படிப் போராடிய வீட்டுப் பிள்ளை, லொறி ஓட்டும்போது தனக்கென்று பேரே போட்டுக்கொள்வதில்லை. அதைப் பேசத்தான் வந்தோம்.

ஒரு ஹயரைக் கணக்குப் பார்ப்போம். (வாத்தியார் வேலை, கணக்கில்லாமல் பேச்சு வராது.) ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் பெலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், 31 லீற்றருக்குக் கொஞ்சம் மேல். 2022 தொடங்கும்போது டீசல் 121 ரூபா. ஒரு ஹயருக்கு 3,800க்குள் முடிந்தது. அந்த ஜூன் முடிவில் 460 ரூபா. அதே ஓட்டத்துக்கு 14,000க்கு மேல். ஹயரும் அப்படி நான்கு மடங்கு ஏறியதா? ஏறியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

பிறகு கியூஆர் வந்தது. லொறிக்கு வாரம் 50 லீற்றர். ஒன்றரை ஓட்டம்.

அந்த நெருக்கடி போய்விட்டது, கணக்குப் பார்க்கும் விதம் மாறவில்லை. ஹயரில் டீசலைக் கழித்து மிஞ்சுவதை இலாபம் என்கிறோம். கினிகத்தேனை இறக்கத்தில் தேயும் பிரேக் லைனர், டயர், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எதுவும் அதில் இல்லை. பொழுதுபட ஏற்றி, விடியுமுன் இறக்கி, கடைக்காரர் கணக்கு முடிக்கும்வரை காத்துக் கிடந்த இரவும் இல்லை. "வரும்போது சுமை கிடைக்கும்" என்று சொல்லி புரோக்கர் குறைப்பார். வருவது வெறும் லொறி. டயர் மாற்றுகிற அன்றைக்குத்தான் நட்டம் கண்ணுக்குத் தெரிகிறது.

அதோடு, பேசிய ஹயருக்கு 500 ரூபா குறைத்து ஏற்றிப் போகிற தம்பியும் இங்கே இருப்பார். அவரைத் திட்ட வேண்டாம். அவருக்கு மறுநாள் தவணை. நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனைக் காட்டும் சீட்டு. அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. லீசிங் துண்டு அல்ல, நாமே கேட்டுக் கையெழுத்துப் போட்டது. ஆனாலும் கடனுக்குப் பயந்து, கொடுத்த கூலிக்குத் தலையாட்டுவது பழைய கதைதான்.

இன்னொன்று, சிலருக்குக் கசக்கும். பக்கத்து சீற்றில் இருக்கிற கிளீனர் தம்பிக்கு நீங்கள்தான் முதலாளி. சாப்பாடும் கைச்செலவும் போதும் என்று நினைக்கிறோம். தோட்டத்துரை ஊழியர் சேமலாப நிதி கட்டாவிட்டால் சும்மா விடுவோமா? முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். உங்களுக்கும் அதே சட்டம்தான். சுயதொழில் செய்கிறவர் என்ற முறையில் சாரதியும் நம்பிக்கை நிதியத்தில் தானே சேரலாம். இது பலருக்குத் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் பின் மேசையில் ஒரு கொப்பி இருக்கும். கடைசியாகப் போன மூன்று ஹயரை எழுதுங்கள்: எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோ, டீசல் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு. தவணை விபரம் வேண்டாம், வெட்கப்பட்டு யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. அடுத்த மாதம் இங்கேயே கூட்டிப் பார்த்து, இதற்குக் கீழே யாரும் ஏற்றுவதில்லை என்கிற தொகைக்கு வருவோம். அந்தக் கணக்கில் முதல் வரி சாரதிக்கு ஒரு பேர். இரண்டாம் வரி கிளீனருக்கு ஒரு பேர். டீசல் மூன்றாவது. கிளீனர் தம்பிமாரும் வந்து எழுதுங்கள், உங்களுக்குத் தனிப் பக்கம் விட்டிருக்கிறோம்.