கால் மரத்துப் போனால் எல்லாமே சர்க்கரை அல்ல

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியரான நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பு, தவணை, உள்கடன் எல்லாம் பேசி முடிச்சாச்சு. எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்காங்க. ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இங்கே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யாருங்க? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்க. சரி. அதில் நாலு வருஷத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்க, மற்றவர்கள் இறக்கிக்கலாம். இன்னும் இத்தனை கை மேலே இருக்குது பாருங்க. இந்த அக்காமார்களுக்காகத்தான் இன்றைக்கு நான் பேச வந்தேன்.

சர்க்கரை பட்டணத்து வியாதி, காடு தோட்டத்தில் பாடுபடுகிறவர்களுக்கு வராது என்று ஒரு காலத்தில் சொன்னோம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2015-ல் கோவை கே.எம்.சி.எச். ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளர்கள் ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டியில் விவசாயக் குடும்பங்களைப் பரிசோதித்தார்கள். அங்கேயும் சர்க்கரை இருந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அதனால் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

என் அக்காவின் கதை

முதலில் என் மேல் உள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் கூடப் பிறந்த அக்காவுக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒரு நாள் விட மாட்டாள். இரண்டு மாடு, கொஞ்சம் தென்னை, காலையில் நாலரை மணிக்குக் கட்டுத்தரைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "ஏன் கண்ணு, பாதம் பஞ்சு மேல வெச்ச மாதிரியே இருக்குது. கால்ல செருப்பு இருக்குதா, கழண்டு போச்சான்னே தெரிய மாட்டேங்குது."

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "சக்கரை இருந்தா அப்படித்தான் இருக்கும்க்கா. சோத்தைக் குறைச்சுக்கோ" என்றேன். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட நர்ஸ் நான். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

பிறகு நாக்கு எரிகிறது, காரம் தாங்கவில்லை என்றாள். நாலு அடி நடந்தால் அசதி என்றாள். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் அப்படியே சாய்கிற மாதிரி இருக்கிறது என்றாள். எல்லாவற்றையும் வயசு மேலேயும் சர்க்கரை மேலேயும் போட்டோம். ஒரு நாள் விடியற்காலை இருட்டில், பால் கறந்து எழுந்தவள் தடுமாறி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது.

கட்டுப் போடப் போன இடத்தில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். கையை மட்டும் பார்த்து அனுப்பிவிடவில்லை. "ஏம்மா விழுந்தீங்க? சர்க்கரைக்கு என்ன மாத்திரை? எத்தனை வருஷமா? கவிச்சி சாப்பிடுவீங்களா? பால் குடிப்பீங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொன்னார். பார்த்தால் அடிமட்டத்தில் இருந்தது.

ஊசி போட ஆரம்பித்தார்கள். முதலில் அடுத்தடுத்து, பிறகு மாசம் ஒன்று. ஆறு மாசத்தில் நாக்கு எரிச்சல் போச்சு, அசதி குறைஞ்சுது, கண்ணை மூடினாலும் நேராக நிற்கிறாள். ஆனால் கால் விரல்களில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. இனித் திரும்புமா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் முதல் தடவை பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே நான் பார்க்கச் சொல்லியிருந்தால்? அந்தக் கேள்வி எனக்குத் தினமும் வருகிறதுங்க. உங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி வரக் கூடாது.

மாத்திரைக்கும் பி12-க்கும் என்ன சம்பந்தம்?

சர்க்கரைக்கு நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் கொடுக்கும் மாத்திரை மெட்ஃபார்மின். 1957-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் ஸ்டெர்ன் இதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்க கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிறார்கள். விலை குறைவு, நல்ல மருந்து. இதை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. நாம் சாப்பிடும் பி12 வயிற்றில் சுரக்கும் ஒரு பொருளோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய், அங்கேதான் ரத்தத்தில் ஏறும். மெட்ஃபார்மின் அந்த இடத்தில் கொஞ்சம் தடை போடுகிறது. பால் சொசைட்டிக்கு ஊற்றும் பாலில் தினமும் ஒரு கரண்டி சிந்தினால் அன்றைக்குத் தெரியாது, வருஷக் கணக்கில் பார்த்தால்தான் நஷ்டம் தெரியும். அதே மாதிரிதான் இதுவும். நம் ஈரலில் சில வருஷத்துக்கு ஆகும் பி12 சேமிப்பு இருக்கும். குழுவில் சேமிப்புப் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கணக்குக் காலியாகிற மாதிரி, அதுவும் மெல்ல மெல்லக் கரையும். அதனால்தான் மாத்திரை தொடங்கிய முதல் வருஷத்தில் ஒன்றும் தெரியாது, நாலு ஐந்து வருஷம் கழித்துத் தெரியும். கூடுதல் அளவு மாத்திரை, கூடுதல் வருஷம் என்றால் ஆபத்தும் கூடுதல்.

இது புதுசாகக் கண்டுபிடித்ததும் இல்லைங்க. 1971-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 2022 ஜூன் மாதம் இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இது எப்போதாவது வருகிற விளைவு இல்லை, பத்தில் ஒருவர் வரை வரலாம், அறிகுறி இருந்தால் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் நம் கட்டுத்தரைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பி12 குறைந்தால் ரத்தம் குறையும், நரம்பு கெடும். சர்க்கரையாலும் நரம்பு கெடும். இரண்டுக்கும் கால் மரப்பு, எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி வலி என்று அறிகுறி ஒன்று போலவே இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒருவருக்கு இரண்டுமே சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் பி12 குறைவை நேரத்தில் பிடித்தால் சரிசெய்யலாம். தாமதித்தால் கெட்டது கெட்டதாகவே நின்றுவிடும்.

நம் பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

பி12 பச்சைக் காய்கறியில் இல்லை. கீரையில் இல்லை. ராகிக்களியில் இல்லை, கொள்ளுப்பருப்பில் இல்லை. அவை எல்லாம் நல்ல உணவு, விட்டுவிடாதீங்க. ஆனால் பி12 இருப்பது பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான். "புல்லைத் தின்கிற மாட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு அம்மிணி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. மாடு அசை போடுகிற வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் பி12-ஐச் செய்கின்றன. அதுதான் பாலில் வருகிறது.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பாருங்க. பாலைக் கறக்கிறது யார்? நாம். ஆனால் பால் முழுக்கச் சொசைட்டிக்குப் போகும். மிச்சம் இருப்பது பேரனுக்கும் வீட்டுக்காரருக்கும். நமக்கு வரக்காப்பி. முட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு. கறி எடுத்தால் நமக்குக் குழம்பு. பாதிப் பேர் வேண்டுதல் என்று கவிச்சியை விட்டிருப்போம். என் அக்காவும் அப்படித்தான். கவிச்சி விட்டு இருபது வருஷம். பால் குடிக்க மாட்டாள். அது போதாது என்று நெஞ்செரிச்சலுக்குத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. அந்த மாத்திரையை வருஷக் கணக்கில் சாப்பிட்டாலும் பி12 ஏறுவது குறையும். மூன்றும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய பி12 எவ்வளவு தெரியுமுங்களா? ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் இரண்டு, இரண்டரைப் பங்கு. அவ்வளவுதான். ஒரு பெரிய டம்ளர் பாலில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். அதனால் விரதமும் வேண்டுதலும் இருக்கட்டும், நாம் கறக்கிற பாலில் நமக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்போம். சர்க்கரை போடாமல் குடிங்க, அல்லது தயிராக ஊற்றிக்கொள்ளுங்க. ஆனால் பி12 ஏற்கெனவே குறைந்துபோனவர்களுக்குப் பால் மட்டும் போதாது. வைத்தியம் வேண்டும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"அப்படின்னா அந்த மாத்திரையை நிறுத்திறட்டுங்களா அக்கா?"

கூடவே கூடாது கண்ணு. இன்றைக்கு நான் பேசியதில் நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறி கண், சிறுநீரகம், இதயம், கால் எல்லாம் கெடும். பி12 குறைந்தால் அதைத் தனியாக ஏற்றிக்கொள்ளலாம். மாத்திரையை மாற்றுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை.

"நான் சாப்பிடறது அந்த மாத்திரைதானான்னு எப்படித் தெரியும்?"

மாத்திரை அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பல மாத்திரைகளில் மெட்ஃபார்மின் வேறு மருந்தோடு சேர்ந்தும் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் பேத்தியைப் படிக்கச் சொல்லுங்க, அல்லது மாத்திரை கொடுப்பவரிடமே கேளுங்க.

"மருந்துக்கடையில சத்து ஊசி, சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமுங்களா?"

முதலில் ரத்தம் பாருங்க. சத்து மாத்திரை சாப்பிட்ட பிறகு பார்த்தால் ரத்தத்தில் அளவு சரியாக இருப்பது போலக் காட்டிவிடும், உண்மை மறைந்துபோகும். இன்னொன்று. ரத்த சோகை என்று நாமாகவே ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால், ரத்தம் கூடுவது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். டாக்டர் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் தொடரலாம், ஆனால் பி12 பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

நாம் செய்ய வேண்டியது

"மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீடு தேடி மாத்திரை கொண்டு போனவர்கள் யார்? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அது நமக்குப் பெருமை. ஆனால் மாத்திரை வாசலுக்கு வருகிறது என்பதற்காக டாக்டரைப் பார்க்காமல் வருஷங்களை ஓட்டக் கூடாது.

நாலு வருஷத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை டாக்டரிடம் இப்படிக் கேளுங்க: "நான் இந்த மாத்திரையை இத்தனை வருஷமாச் சாப்பிடறேனுங்க. பி12 ஒரு தடவை பார்த்துக்கட்டுங்களா?" கால் மரப்பு, எரிச்சல், தடுமாற்றம், நாக்குப் புண், ஞாபக மறதி, காரணம் தெரியாத அசதி இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம். எத்தனை வருஷம் மாத்திரை, கேஸ் மாத்திரை உண்டா, கவிச்சி உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்க. எல்லா ஊரிலும் இந்தச் சோதனை உடனே எடுக்க முடியாது. எங்கே எடுக்கலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. வெளியே எடுக்கப் பணம் இல்லை என்றால் சங்கத்தில் உள்கடன் கேட்கக் கூச்சப்படாதீங்க. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கடன் கொடுக்கிறோம், மனுசிக்குக் கொடுக்க மாட்டோமா?

மரத்த காலுக்குக் காயம் பட்டாலும் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்க. வெறுங்காலில் தோட்டத்துக்குப் போகாதீங்க. சுடுதண்ணியைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்க.

ஊக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்தில் இன்றைக்கு நான் கேட்ட கேள்வியை நீங்கள் கேளுங்க. எத்தனை கை மேலே நின்றது, அதில் எத்தனை பேர் பி12 பார்த்தார்கள் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த சங்கம் இது. டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுக்கட்டும்.

என் அக்கா இன்னும் நாலரைக்கு எழுந்திருக்கிறாள். இப்போது கையில் டார்ச் லைட் இருக்கிறது, காலில் வார் வைத்த செருப்பு இருக்கிறது. பால் கறந்ததும் முதல் டம்ளர் அவளுக்கு. அப்புறம்தான் சொசைட்டிக்கு.