எண்ணிய பின்னரே மருந்து



செம்பனை மட்டைகளில், காய்ந்த ஓலைத் துணுக்குகளால் ஆன சிறு பைகள் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். மலாய் மொழியில் 'ஊலாட் பூங்குஸ்' எனப்படும் பைப்புழுவின் வீடு அது. இப்புழு ஓலையை அரித்துத் தின்றுவிட்டால், அதன் பின் இரண்டாண்டுகள் வரை குலைகள் குறையும். 2013-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் இதனை ஆபத்தான பூச்சியென அறிவித்தது.

இதன் பெண் பூச்சிக்குச் சிறகில்லை. தன் பைக்குள்ளேயே வாழ்ந்து, 100 முதல் 300 வரை முட்டைகளை அங்கேயே இட்டு மடிகிறது. துணையை அழைக்க அதற்குள்ள வழி வாசனை ஒன்றே. அவ்வாசனையை நாடி ஆண் அந்துப்பூச்சி பறந்து வருகிறது. முதிர்ந்த பெண் பூச்சியைச் சிறு கூண்டிலிட்டு, பசை தடவிய அட்டையோடு மரத்தில் தொங்கவிட்டால், வரும் ஆண்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். இதுவே இனக்கவர்ச்சிப் பொறி.

ஆண்கள் சிக்கியதால் தொல்லை தீர்ந்ததென நாம் எண்ணலாகாது. பொறி நமக்குக் காவற்காரன் போன்றது. அட்டையில் ஆண்கள் மிகுந்தால், சில வாரங்களில் இளம்புழுக்கள் வெளிவரும் என அறியலாம். அப்போது சில மட்டைகளை வெட்டி இறக்கி, உயிருள்ள புழுக்களை எண்ணவேண்டும். மட்டைக்குப் பத்து என்ற அளவை எட்டினால் மருந்து தேவை. எட்டாவிடில் பொறுத்திருப்பதே நலம்.

பொறுப்பதேன்? 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் நம் நாட்டுத் தோட்டங்கள் பட்டறிந்த பாடம் இது. நெடுநாள் தங்கும் கடும் நஞ்சுகளைத் தெளித்தபோது, புழுவை அழிக்கும் குளவிகளே பெரிதும் மாண்டன. பைக்குள் பதுங்கிய புழுக்கள் தப்பிப் பன்மடங்காய்ப் பெருகின. தெளிப்பை நிறுத்திய பின்னரே குளவிகள் மீண்டன, புழுக்கள் அடங்கின.

இன்று பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்து உண்டு. அது குளவியைக் கெடுப்பதில்லை. ஆயின், இளம்புழுவிடமே நன்கு பலிக்கும். அந்தப் பருவத்தை முன்கூட்டி உணர்த்துவது பொறியே.

நாள்தோறும் மரத்தடிக்குச் செல்வோர் அறுவடைத் தொழிலாளர்களாகிய நாமே. அட்டையில் கண்ட எண்ணிக்கையை வாரந்தோறும் குறித்து மண்டோரிடம் கொடுப்போம். நாம் தவறாமல் எழுதும் அந்த எண், தோட்டத்து விளைச்சலையும் நம் வருவாயையும் காக்கும்.