பாத்திக்கு மூடாக்கு போடுவோம்



தோல் பதனிடும் தொழில் நடந்த நம் பேகம்பூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகிவிட்டதை நாம் அறிவோம். அந்த நீரைச் செடிக்கு ஊற்றினால், வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். உப்பு மிகுந்தால் இலை ஓரம் கருகும்.

இதற்குக் கைகொடுப்பது மூடாக்கு. அதாவது, மண்ணை வெயில் படாமல் மூடி வைப்பது. வைக்கோல், காய்ந்த சருகு, கடலைத்தோல் போதும். சருகை எரிக்காமல் சேர்த்து வைத்தால் காசு செலவில்லை. தென்னை நார்க்கழிவை அப்படியே போட வேண்டாம். அதிலும் உப்பு உண்டு. நல்ல நீரில் அலசிப் போடலாம். விதை முற்றிய களையும் நோய் கண்ட செடியும் ஆகாது.

முதலில் களை பறித்து, மண் நன்றாக நனைய நீர் ஊற்றுங்கள். பிறகு 2 முதல் 3 அங்குலம் பரப்புங்கள். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள்; ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். மக்கிக் குறையும்போது மேலே சேர்த்து வாருங்கள். மழை உப்பைக் கீழே இறக்கும். அது மறுபடி மேலேறுவதை மூடாக்கு குறைக்கும்.

தண்ணீரை வீண்விரயம் செய்யாதிருப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்தது. இந்த வாரமே ஒரு பாத்தியிலாவது தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.