மட்டை வரிசை

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரையடுத்த பெயின்பிரிட்ஜ் தீவில், பிள்ளைகளின் சலிப்பைப் போக்க எழுந்த விளையாட்டு பிக்கிள்பால். ஓய்வுபெற்ற பின்னரே நான் அதனைக் கற்கப் புகுந்தேன், வீட்டார் நகைத்தனர்.

எங்கள் மன்றத்தில் வருவோர் தத்தம் மட்டையை வரிசையில் வைப்பர். முதல் நால்வர் ஆடுவர். மருத்துவருக்கு மளிகைக்கடைக்காரர் துணையாவார். எனக்குத் துணையாக நேர்ந்தோர் முகம் வாடுவர். ஓங்கியடித்தே தோற்பவன் நான். வராமலே நின்றுவிடவும் எண்ணினேன்.

வலையின் இருபுறமும் 7 அடிப் பரப்புண்டு. அதனுள் நின்று, தரையில் படாத பந்தை அடித்தலாகாது. ஆகவே பந்தை அவ்விடத்தில் மெல்லத் தட்டியிறக்கப் பழகவேண்டும். பள்ளி மாணவி ஒருத்தி, ஆட்டம் முடிந்த பின்னும் நின்று எனக்கு அதைப் பழக்கினாள். "மெதுவாக, தாத்தா!" என்பாள். ஒருநாள் என் பந்து வலையை ஒட்டினாற்போல் கடந்து விழுந்தது. எதிரணியினரே கைதட்டினர். மறுநாள் வரிசையில் என் மட்டையே முதலில் இருந்தது.