ஒத்திவைக்கப்பட்ட விடை

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் அனுமதிக்கு இரு பருவங்கள் உண்டு. முற்பருவத்தில் சேர விரும்புவோர் பெரும்பாலும் நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பர். டிசம்பர் நடுவில் விடை வரும்வரை மாணவனுக்கு உணவிலும் மனம் செல்லாது, உறக்கமும் வாராது.

அவ்விடை ஏற்பாகலாம், மறுப்பாகலாம். இரண்டுமின்றி ஒத்திவைப்பாகவும் அமையலாம். ஒத்திவைப்பின் பொருள் யாது? விண்ணப்பம் கைவிடப்படவில்லை, பிற்பருவ விண்ணப்பங்களோடு மீண்டும் ஆராயப்படும், முடிவு பெரும்பாலும் மார்ச் இறுதியளவில் தெரியும் என்பதே. இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக உறுதியளித்து விண்ணப்பித்தோரும் உளர். ஒத்திவைக்கப்பட்டதும் அவர்களுடைய அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. வேறு கல்லூரியைத் தெரிவுசெய்ய முழு உரிமை உண்டு.

ஆதலால், சோர்வு ஓரிரு நாளோடு அகலவேண்டும். பல கல்லூரிகளின் பிற்பருவ விண்ணப்பக் காலம் ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும். எஞ்சிய இரு வாரங்களில் அவற்றுக்கு விண்ணப்பித்தலே முதற் கடமை. ஆண்டின் முதற் பாதியில் நல்ல புள்ளிகள் பெறுதல் அடுத்தது. கல்லூரி இசைந்தால், சேரும் விருப்பம் மாறவில்லை என்பதைச் சுருக்கமான ஒரு கடிதத்தால் அறிவிக்கலாம். கடிதத்தின் மேல் கடிதம் வேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் ஒரு கடமையுண்டு. 'விடை வந்ததா?' என்று நாடோறும் வினவாதிருத்தலே அது. காத்திருக்கும் பிள்ளைக்கு வீட்டின் அமைதியே பெருந்துணையாகும்.