குடியும் மனச்சோர்வும்
(டில்லித் தமிழ் அன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் நிறைந்த ஆண்டு விழாவில் குடியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மதுவிலக்குப் பிரசாரம் செய்ய நான் வரவில்லை. அதை என்னிலும் வல்லவர்கள் செய்திருக்கிறார்கள். குடியை அடுத்து நிற்கும் மற்றொரு நோயாகிய மனச்சோர்வைப் பற்றியே பேச எழுந்தேன். காலனியில் எவர் குடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எவர் மனம் நொந்து கிடக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை.

எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர். வேறு ஊரில், வேறு இலாகாவில் இருப்பவர். மனைவி காலமான பின் அவருக்கு உறக்கம் போயிற்று, பசி போயிற்று. விடுமுறை நாளில் எழுந்து முகம் கழுவவும் மனமில்லாது கிடந்தார். மது சற்று உறக்கம் தந்தது. நாளடைவில் அளவு ஏறிற்று. உறவினர் கூடிக் குடிநிறுத்த விடுதி ஒன்றில் ஒரு மாதம் சேர்த்தனர். குடியை விட்டுத் திரும்பினார். ஆனால் உறக்கம் வருகிறதா என்று அவரை விடுதியிலும் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. மூன்றாம் மாதம் மீண்டும் குடித்தார். "நன்றி கெட்டவன்" என்றார் மைத்துனர். நோயின் ஒரு பாதிக்குத்தான் வைத்தியம் நடந்தது என்பதை அவர் அறியார்.

மது முதலில் கண்ணைச் செருகச் செய்யும்; பின்னிரவில் அதுவே உறக்கத்தைக் கலைக்கும். விடிந்ததும் நடுக்கம், படபடப்பு, காரணமற்ற அச்சம். அதைத் தணிக்க மறுபடியும் மது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும். சிலருக்குச் சோர்வே குடியால் விளைந்ததாக இருக்கும். குடி நின்ற சில வாரங்களில் அது பெரும்பாலும் தெளியும். தெளியாவிடில் அது தனி நோய். எது முந்தியது என்று வீட்டில் வழக்காடுவதில் பயனில்லை. அதைத் தேர்ந்து சொல்லவேண்டியவர் மருத்துவர். "முதலில் குடியை விடு, மனத்தைப் பிறகு பார்ப்போம்" என்று நோயாளியைத் திருப்பியனுப்பும் முறை நன்றன்று. இரண்டுக்கும் ஒரே வேளையில், கூடுமானால் ஒரே மருத்துவக் குழுவிடம் சிகிச்சை பெறுவதே சிறந்தது என்பது இன்றைய மருத்துவர் கொள்கை.

வீட்டுப் பெண்மணிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மற்றொன்று, டைசல்பிராம் என்னும் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுக்கும் வழக்கம். அறியாமல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிர் போகவும் கூடும். எந்தப் பக்கத்து வீட்டம்மாள் யோசனை சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். எஞ்சிய 37 பேரும் எங்கே? நம் போன்ற வீடுகளில் இருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் வேலைக்கு என்னாகும், பெண்ணுக்கு வரன் அமையுமா என்னும் அச்சமே அவர்களைக் கட்டிப்போடுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தீய பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்றே கொள்கிறது. நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையும் அளிக்கிறது. ஊர்வாய்க்கு அந்தச் சட்டம் செல்லாது என்பது வேறு விஷயம்.

நமக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. காய்ச்சல் என்பதை இந்தியில் சொல்லிவிடலாம். நெஞ்சு கனக்கிறது, வாழ்க்கை கசக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் என்னும் அரசாங்கச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நேரில் செல்ல விரும்புவோருக்குத் தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மருத்துவமனையும், காஜியாபாத்தில் எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையமும் உள்ளன. குடியும் சோர்வும் சேர்ந்த இடத்தில் தற்கொலை அபாயம் மிகுதி. "நான் எல்லோருக்கும் பாரம்" என்று ஒருவர் சொன்னால், குடிபோதைப் பேச்சு என்று தள்ளாமல், அவரைத் தனியே விடாமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நான் சொன்ன அன்பர் பின்னர் மனநோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றார். அவர் சோர்வுக்கு மருந்தும், குடிக்குச் சிகிச்சையும் ஒன்றாகவே தொடங்கினார். சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்னதாகவே சொல்லிவைத்தார், அதுவும் நல்லதாயிற்று. நடுவே ஒருமுறை தீபாவளிக்கு அன்பர் தவறினார். மருத்துவர் ஏசவில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார். இப்போது இரவு பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணிக்கு எழுகிறாராம்.

குழந்தைகள் வேடமிட்டு வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள்.